லேசர் ஒளியில் நீரோட்டம்: கல்லூரி லேப்புக்குக் கருவி வாங்குவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

கண்ணாடித் தொட்டியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். எங்கே வேகமாகப் போகிறது, எங்கே சுழல்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. அதே தண்ணீரில் நுண்ணிய துகள்களைக் கலந்து, லேசர் ஒளியைத் தாள்போல் மெல்லியதாக விரித்துப் பாய்ச்சி, அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து, அதற்குள் துகள்கள் எவ்வளவு நகர்ந்தன என்று கணினியில் கணக்கிட்டால், வேகமும் திசையும் இடத்துக்கு இடம் அம்புக்குறிகளாக வந்துவிடும். பார்ட்டிக்கிள் இமேஜ் வெலாசிமெட்ரி, சுருக்கமாக பி.ஐ.வி. என்று இதற்குப் பெயர்.

பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் மட்டும் தொட்டுவந்த இந்தக் கருவி பி.இ. படிக்கும் பிள்ளைகள் கைக்கும் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கல்லூரியின் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்பில் இருந்துகொண்டு இதற்காக அலைந்ததில் கற்றவற்றைக் கீழே தருகிறேன். வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், ப்ராஜெக்ட்டுக்காகச் சொந்தமாகச் செய்துபார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் உதவும்.

1. கொட்டேஷன் கேட்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஓடுவது தண்ணீரா, காற்றா? அதிகபட்ச வேகம் எவ்வளவு? எத்தனை சென்டிமீட்டர் அகலத்தைப் படம் பிடிக்க வேண்டும்? ஓட்டம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது? கருவியின் விலையைத் தீர்மானிப்பது இந்த நான்கும்தான். இவை இல்லாமல் போய் நின்றால், விற்பவர் தன்னிடம் இருப்பதில் பெரியதைத்தான் காட்டுவார்.

2. அந்தத் தாளிலேயே ஒரு சின்னக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 10 செ.மீ. அகலத்தை 1000 பிக்சலில் படம் எடுத்தால் ஒரு பிக்சல் 0.1 மி.மீ. மென்பொருள் படத்தை 32 பிக்சல் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படங்களுக்கு நடுவே துகள் ஒரு கட்டத்தின் கால் பங்குக்கு மேல் நகரக் கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி. கால் பங்கு என்றால் 8 பிக்சல், அதாவது 0.8 மி.மீ. தண்ணீர் விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓடினால் 0.8 மி.மீ. நகர 8 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 120 பிரேம் எடுக்கும் சாதாரணக் கேமராவே கிட்டத்தட்ட அந்த இடைவெளியில் படம் எடுத்துவிடும். காற்றுச் சுரங்கத்தில் விநாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் அதே 0.8 மி.மீ. தூரத்துக்கு 80 மைக்ரோ விநாடிதான் கிடைக்கும். அதற்கு இரட்டைத் துடிப்பு லேசரும், அதனுடன் இசைந்து நொடிப்பொழுதில் இரண்டு படம் எடுக்கும் தனிக் கேமராவும், இரண்டையும் சேர்த்து இயக்கும் டைமிங் யூனிட்டும் வேண்டும். சில லட்சத்தில் முடியும் வேலை பல பத்து லட்சமாக ஏறுவது இந்த இடத்தில்தான்.

3. ஆகவே இளநிலை மாணவர்களுக்கு முதல் கருவி தண்ணீருக்கானதாக இருக்கட்டும். மெதுவான நீரோட்டத்தில் ஒரு தரமான ஆய்வு செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1904இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் லுட்விக் பிராண்டில் எல்லைப் படலக் கொள்கையை அறிவித்தபோது காட்டிய படங்கள், கையால் சுழற்றி ஓடவிட்ட ஒரு நீர்த்தொட்டியில் மினுக்கும் தாதுத் துகள்களைத் தூவி எடுத்தவை. விமான இறக்கையின் அறிவியல் அந்தத் தொட்டியிலிருந்து கிளைத்தது.

4. வாங்கும் முன் ஒருமுறை கையால் இயக்கிப் பாருங்கள். அரசுப் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகள் எந்த நிறுவனத்தில் என்ன இருக்கிறது, எப்படி முன்பதிவு செய்வது என்பதைக் காட்டும் ஐ-ஸ்டெம் இணையதளம் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதில் தேடி, அருகில் பி.ஐ.வி. வைத்திருக்கும் லேப்புக்கு இரண்டு மாணவர்களுடன் ஒருநாள் போய்வாருங்கள். விற்பனைப் பிரதிநிதி ஒரு வாரம் பேசினாலும் வராத தெளிவு அந்த ஒருநாளில் வரும். அங்கிருக்கும் டெக்னீஷியனிடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: "சார், இதுவரைக்கும் எது எது ரிப்பேர் ஆச்சு? சரி பண்ண எத்தனை நாள் எடுத்துக்கிட்டாங்க?"

5. மென்பொருளை இன்றைக்கே கற்கத் தொடங்கலாம். கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பி.ஐ.வி.லேப் என்ற இலவச மென்பொருள் மேட்லேப்பில் இயங்கும். வில்லியம் தீலிக்கே என்பவர் பறவைகள் சிறகடித்துப் பறப்பதை ஆராய்ந்தபோது உருவாக்கத் தொடங்கியது அது. இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. மேட்லேப் உரிமம் இல்லாத கல்லூரிக்கு ஓப்பன்பி.ஐ.வி. இருக்கிறது, பைத்தான் தெரிந்தால் போதும். இரண்டுடனும் பழகுவதற்கு மாதிரிப் படங்கள் கிடைக்கின்றன. 2001இல் தொடங்கிய சர்வதேச பி.ஐ.வி. சேலஞ்சின் படங்களையும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு செமஸ்டர் மாணவர்கள் இவற்றில் கை பழகிவிட்டால், கருவி வந்திறங்கும் நாளில் அவர்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

6. மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பதை வகுப்பில் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. கறுப்பு அட்டையில் கொஞ்சம் ரவையைச் சிந்துங்கள். அதன் மேல் கண்ணாடித் தாள் வைத்து மார்க்கர் பேனாவால் புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே புள்ளிகளை இன்னொரு தாளிலும் படியெடுங்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில்தான் எல்லாப் புள்ளிகளும் பொருந்தும். எவ்வளவு நகர்த்தினோமோ அதுவே இடப்பெயர்ச்சி. இப்போது ரவைக்குப் பதில் கோலப்புள்ளி போல வரிசையாகப் புள்ளி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பல இடங்களில் பொருந்தும். எது சரி என்று தெரியாது. துகள்கள் ஏன் தாறுமாறாகக் கலந்திருக்க வேண்டும் என்று அதன் பிறகு எந்த மாணவரும் கேட்டதில்லை.

7. பணத்துக்கு எங்கே போவது? மாணவர் ப்ராஜெக்ட் அளவிலான சிறு செலவுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம். பழைய லேப்பைப் புதுப்பிக்க ஏ.ஐ.சி.டி.இ.யின் மோட்ராப்ஸ். துறை முழுமைக்குமான கருவிக்கு டி.எஸ்.டி.யின் ஃபிஸ்ட். அறிவிப்பு வரும் காலமும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; வலைத்தளத்தை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். விண்ணப்பத்தில் கருவியின் பெருமையைக் குறையுங்கள். எந்தப் பாடத்தில், எந்த ஆண்டு மாணவர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயன்படுத்துவார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். மெக்கானிக்கல், சிவில், ஏரோநாட்டிக்கல், கெமிக்கல், பயோமெடிக்கல் என ஐந்து துறைக்கும் ஓட்டம் பொது. ஐந்து எச்.ஓ.டி.களின் கையெழுத்தோடு போகும் விண்ணப்பத்துக்கு வலு அதிகம்.

8. கொட்டேஷனை மொத்தமாக வாங்காதீர்கள். லேசர், ஒளியியல் பாகங்கள், கேமரா, லென்ஸ், டைமிங் யூனிட், மென்பொருள், துகள், பாதுகாப்புக் கண்ணாடி, நிறுவுதல், பயிற்சி என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள். மொத்தத் தொகை கையை மீறினால் எதைக் குறைக்கலாம் என்று அப்போதுதான் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி, பயிற்சி ஆகிய இரண்டு வரிகளை மட்டும் அடிக்க விடாதீர்கள். கொள்முதல் குழுவில் முதலில் கத்தி விழுவது அவற்றின் மேல்தான்.

9. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி என்றால் டாலரிலும் யூரோவிலும் விலை இருக்கும். மாற்று விகிதம், சரக்குக் கட்டணம், காப்பீடு, சுங்கம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து, கல்லூரி வாசலில் வந்து இறங்கும் விலையை ரூபாயில் எழுதி வாங்குங்கள். டி.எஸ்.ஐ.ஆர். பதிவு இருந்தால் சுங்கத்தில் சலுகை கிடைக்கக்கூடும். விதி மாறிக்கொண்டே இருப்பதால் ஆர்டர் போடும் வாரத்தில் மறுபடி விசாரித்துவிடுங்கள்.

10. மென்பொருள் உரிமம் எத்தனை கணினிக்கு? ஒரே ஒரு டாங்கிளோடு வந்தால், அறுபது பேர் படிக்கும் வகுப்பில் ஒருவர் கணக்கிட, ஐம்பத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வகுப்பறை உரிமம் கேளுங்கள். எடுத்த படங்களைச் சாதாரண டிஃப் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முடியும் என்றால் அந்தப் படங்களை மாணவர்கள் வீட்டிலேயே இலவச மென்பொருளில் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

11. நிறுவும் நாளில் விற்பவர் கொண்டுவந்த மாதிரி ஓட்டத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார். உங்கள் தொட்டியில், உங்கள் வேகத்தில், உங்கள் மாணவர் இயக்கி, அம்புக்குறிப் படம் வந்த பிறகுதான் கையெழுத்து என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகுதான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் முழுப் பணமும் கொடுத்து வாங்கிய கருவி, பயிற்சி கொடுக்க ஆள் வராமல் இரண்டு ஆண்டு துணி போர்த்திக் கிடந்தது. அதற்குள் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. விழா நாட்களில் மட்டும் துணியை எடுத்து விருந்தினருக்குக் காட்டுவார்கள். அந்த இரண்டு ஆண்டில் படித்து வெளியேறிய பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

12. கேமரா கறுப்பு வெள்ளையாக இருப்பது நல்லது. கலர் கேமராவின் சென்சாரில் பாதிப் பிக்சல்தான் பச்சைக்கு. பச்சை லேசர் ஒளியில் மீதிப் பாதி ஏறக்குறைய வீண். குளோபல் ஷட்டர் என்று குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள். ரோலிங் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக எடுப்பதால், ஒரே படத்தில் மேல்வரியும் கீழ்வரியும் வேறு வேறு நேரத்தைக் காட்டும். தொழிற்சாலைகளில் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் மெஷின் விஷன் கேமராக்கள் மெதுவான நீரோட்டத்துக்கு அருமையாகப் பொருந்தும், விலையும் கட்டுப்படியாகும்.

13. கேமரா வாங்கவும் காசில்லையா? கைபேசியிலேயே முதல் முயற்சியைச் செய்யுங்கள். ஸ்லோமோஷனில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் கைபேசி ஏதாவது ஒரு மாணவரிடம் கட்டாயம் இருக்கும். ஸ்டாண்டில் இறுக்கிப் பொருத்துங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது தானே மாற்றிக்கொண்டே இருக்கும். எக்ஸ்போஷர் ஒரு மில்லி விநாடிக்கு மேல் போனால், முன்பு போட்ட கணக்கின்படி துகள் ஒரு பிக்சலுக்கு மேல் இழுபட்டுக் கோடாகத் தெரியும். பிரேம் வேகம் சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்க, ஓடும் டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச்சைப் படமெடுத்து எண்ணிப் பாருங்கள்.

14. லேசர் வாங்கும்போது கடைத்தெருவில் விற்கும் பச்சை பாயின்டரை நம்பாதீர்கள். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 122 பாயின்டர்களைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, பச்சைப் பாயின்டர்களில் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் பாதுகாப்பு வரம்பை மீறியிருந்தன. காரணம், 532 நானோமீட்டர் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை ஒரு படிகத்துக்குக் கொடுத்து 1064 ஆக்கி, அதை இன்னொரு படிகத்தில் பாதியாக்கித்தான் பச்சை வருகிறது. மலிவான பாயின்டரில் அகச்சிவப்பை வடிகட்டும் ஃபில்டரை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பச்சையோடு சேர்ந்தே வெளியே வருகிறது. சோதனைச் சான்று, திறன் அளவு, வகுப்பு எண், சாவிப் பூட்டு ஆகிய நான்கும் உள்ள லேசரை மட்டும் வாங்குங்கள்.

15. ஒளியைத் தாளாக விரிக்க விலை உயர்ந்த லென்ஸ் தேவை என்று நினைக்க வேண்டாம். கெமிஸ்ட்ரி லேப்பில் கரைசலைக் கலக்கும் கண்ணாடிக் குச்சியைக் கற்றையின் குறுக்கே நிறுத்தினால் போதும். கற்றை விசிறி மாதிரி விரியும். விரிவு சீராக இருக்காது, நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். தத்துவம் விளக்க அது போதும். அளவெடுக்கும் வேலைக்கு உருளை லென்ஸ் வாங்குங்கள். ஓரம்வரை ஒரே வெளிச்சம் வேண்டும் என்றால் பவல் லென்ஸ். தாளின் தடிமன் ஒரு மி.மீ. அளவில் இருக்கட்டும்.

16. பாதுகாப்பைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அரை வாட்டுக்கு மேல் திறனுள்ள தொடர் லேசர் நான்காம் வகுப்பு, பி.ஐ.வி.யின் இரட்டைத் துடிப்பு லேசரும் அதே வகுப்புதான். நேர்க்கற்றை மட்டுமல்ல, சுவரில் பட்டுச் சிதறும் ஒளியும் கண்ணைக் கெடுக்கலாம். கண் சிமிட்டித் தப்பிக்கக் கால் விநாடி வேண்டும். லேசர் துடிப்போ 5 முதல் 10 நானோ விநாடியில் முடிந்துவிடும். போன பார்வை திரும்பாது. அதனால் சில பழக்கங்களை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள்.

கைக்கடிகாரம், மோதிரம், வளையல், தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே வரவேண்டும். பளபளக்கும் எதில் பட்டாலும் கற்றை திரும்பும். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்தில் ஒளித்தாள் வரக் கூடாது. தொட்டியைக் கடந்து வெளியே வரும் ஒளி, மங்கலான கறுப்புப் பூச்சு பூசிய உலோகத் தகட்டில் போய் முடிய வேண்டும். கதவைத் திறந்தால் லேசர் தானே அணைய இன்டர்லாக் சுவிட்ச் வையுங்கள். வெளியே எச்சரிக்கை விளக்கு எரியட்டும். சாவி ஆசிரியரிடம் மட்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனிவதற்கு முன் லேசரை அணைக்க வேண்டும்.

17. பாதுகாப்புக் கண்ணாடியில் அலைநீளமும் ஓ.டி. எண்ணும் அச்சிட்டிருக்கும். இரட்டைத் துடிப்பு என்.டி. யாக் லேசருக்கு 532, 1064 இரண்டையும் தடுப்பதாக வாங்க வேண்டும். லேப்பில் எத்தனை பேர் நிற்பார்களோ அத்தனை கண்ணாடி. ஒன்றை மாற்றி மாற்றிப் போடுவது கூடாது. கண்ணாடி போட்டால் பச்சை ஒளி தெரியாது என்று சொல்லிச் சிலர் கழற்றிவிடுவார்கள். ஒளித்தாள் எங்கே இருக்கிறது என்று கேமராத் திரையில் பாருங்கள், திறனை மிகக் குறைத்து வைத்துச் சரிசெய்யுங்கள்.

18. நான்காம் வகுப்பு லேசருக்கு அறை வசதி இல்லாத கல்லூரி, திறன் மிக்க எல்.இ.டி. வரி விளக்கை வைத்துத் தொடங்கலாம். ஒளித்தாள் சில மி.மீ. தடிமனாக இருக்கும், துல்லியம் குறையும். ஆனால் முதலாம் ஆண்டு மாணவர்களையும் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டலாம். எல்.இ.டி.யும் கூசும், நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.

19. தொட்டியை உள்ளூரிலேயே செய்யலாம். மீன்தொட்டி செய்பவரிடம் அளவு கொடுத்தால் ஒட்டித்தருவார். ஒரு மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் என்றால் தண்ணீர் மட்டும் 90 கிலோ. மேசை தாங்குமா என்று முதலில் பாருங்கள். லேசர் நுழையும் பக்கத்திலும் கேமரா பார்க்கும் பக்கத்திலும் சிலிகான் பசை வழியாமல் ஒட்டச் சொல்லுங்கள். மோட்டாரைத் தொட்டி வைத்த மேசையில் வைக்கவே கூடாது. தரையில் தனியாக வைத்து, வளையும் ஹோஸ் மூலம் இணையுங்கள். அதிர்வு படத்தில் ஏறாது. தண்ணீர் நுழையும் இடத்தில் தேன்கூடு போன்ற தடுப்பு வேண்டும். கூல்டிரிங்ஸ் ஸ்ட்ராக்களைக் கட்டாக அடுக்கி ஒட்டினால் அதுவே நல்ல தேன்கூடு.

20. குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு சோதனை தொடங்கினால் கண்ணாடியெங்கும் காற்றுக்குமிழி ஒட்டும். லேசரில் ஒவ்வொரு குமிழியும் நட்சத்திரமாக மின்னி, பக்கத்துத் துகள்களை மறைத்துவிடும். முந்தின நாள் மாலையே நிரப்பி வையுங்கள். உப்புத் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் படலம் விடும், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். வார இறுதிக்கு விட்டுவைக்காமல் வடித்துத் துடைத்துவிட்டால் பாசி பிடிக்காது.

21. துகள் நீரோடு நீராகப் போகவேண்டும். மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது. 10 மைக்ரான் அளவுள்ள உள்ளீடற்ற கண்ணாடிக் கோளங்கள் தண்ணீருக்கு ஏற்றவை. ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.1 கிராம் அடர்த்தி என்றால் அவை விநாடிக்கு சுமார் 5 மைக்ரான் தூரம்தான் கீழே இறங்கும், 10 செ.மீ. வேகத்தில் ஓடும் நீருக்கு முன் அது ஒன்றுமே இல்லை. பாலிஅமைடு பொடியும் நன்றாக வேலை செய்யும். பொடியை நேராகத் தொட்டியில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடியும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுக் கலக்கி, பிறகு தொட்டியில் சேருங்கள். படத்தைப் பெரிதாக்கி, 32 பிக்சல் கட்டம் ஒன்றில் ஏறக்குறைய பத்துத் துகள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் இன்னொரு சிட்டிகை. தண்ணீர் பால்போல் வெளுத்துவிட்டால் அளவு மீறிவிட்டது. கொஞ்சம் வடித்துப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டியதுதான். பொடியைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள்.

22. காற்று ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றால் ஒளித்தாளில் ஊதுபத்திப் புகை அழகாக வளைந்து நெளிந்து தெரியும். அளவெடுக்க அது உதவாது. புகை சீராகப் பரவாது. எண்ணெயை ஒரு மைக்ரான் துளிகளாக உடைக்கும் லாஸ்கின் நாசில் வேண்டும்.

23. அளவுகோலைக் காற்றில் வைத்து அளவு திருத்தம் செய்துவிட்டுப் பிறகு தண்ணீர் நிரப்புவது எல்லோரும் செய்யும் தவறு. நீரில் ஒளி வளைவதால் பொருள் கிட்டத்தில் இருப்பதுபோல் பெரிதாகத் தெரியும். அளவுகோலைத் தண்ணீருக்குள், ஒளித்தாள் விழும் அதே இடத்தில் நிறுத்திப் படமெடுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்கேல் மின்னும். லேமினேட் செய்த கிராஃப் தாள் நல்லது.

24. ஓட்டத்தில் வைக்கும் மாடலுக்கும் தொட்டியின் பின்பக்கத்துக்கும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை. இரட்டைப் படக் கேமராவில் இரண்டாவது படம் மட்டும் வெளுத்து வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். அந்தக் கேமரா இரண்டாவது படத்துக்கு நீண்ட நேரம் திறந்திருப்பதால் அறை வெளிச்சம் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

25. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் இடங்களில் லேசருக்கும் கணினிக்கும் ஆன்லைன் யு.பி.எஸ். கட்டாயம். ஃபிளாஷ் லாம்ப் உள்ள லேசரில் குளிர்விக்கும் தண்ணீர் அயனி நீக்கியதாக இருக்க வேண்டும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் பாகங்கள் பாழாகும். லாம்ப்புக்கும் ஆயுள் உண்டு. இரண்டு கோடி துடிப்பு தாங்கும் என்றால் விநாடிக்குப் பத்து வீதம் சுமார் 555 மணி நேரம். மாற்று லாம்ப்பின் விலையை வாங்கும்போதே கேட்டு, ஆண்டு பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள்.

26. சேமிப்பு இடத்தை மறந்துவிடுவோம். 2 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சுமார் 2 எம்.பி. விநாடிக்கு 160 படம் என்றால் பத்து விநாடிக்கு 3 ஜி.பி.க்கு மேல். கணினியில் எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும், பாதுகாத்து வைக்க வெளி ஹார்டு டிஸ்க் தனி. கோப்பின் பெயரிலேயே தேதி, வேகம், பிரேம் இடைவெளி மூன்றையும் எழுதப் பழக்குங்கள். இடைவெளி தெரியாத படம் எத்தனை அழகாக இருந்தாலும் அதிலிருந்து வேகம் எடுக்க முடியாது.

27. லென்ஸை வேட்டித் துணியாலும் துப்பட்டாவாலும் துடைக்க விடாதீர்கள். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதி, பிறகு லென்ஸ் தாள். லேசரை எத்தனை மணி நேரம் ஓட்டினோம், யார் ஓட்டினார்கள், என்ன கோளாறு என்று லாக் புக்கில் அன்றன்றே எழுதுங்கள். பயிற்சி பெற்ற மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டு மாணவர் இருவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று விதி வையுங்கள். எங்கள் லேப்பில் கருவி ஓடிக்கொண்டே இருந்ததற்கு ஏ.எம்.சி. ஒப்பந்தத்தை விட இந்த விதிதான் காரணம்.

28. முதல் சோதனைக்கு 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு கம்பியை ஓட்டத்தின் குறுக்கே நிறுத்துங்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த கம்பி. தண்ணீர் விநாடிக்கு 10 செ.மீ. ஓடட்டும். கம்பிக்குப் பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்கள் கழன்று வரிசையாகப் போகும். வேகத்தை விட்டத்தால் வகுத்து ஏறக்குறைய 0.2ஆல் பெருக்கினால் ஒரு பக்கத்தில் எத்தனை முறை என்று வரும்: விநாடிக்கு இரண்டு. இதைப் பாடப்புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, பத்து மதிப்பெண்ணும் வாங்கிய ஒரு மாணவி, எங்கள் தொட்டியில் விளக்கை அணைத்ததும் திரையில் பச்சைப் பொடிகள் சுழன்று சுழன்று போவதைப் பார்த்து, கைக்கடிகாரம் வாசல் டப்பாவில் கிடந்ததால் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். பத்து விநாடிக்குப் பத்தொன்பது வந்தது. "மேம், நிஜமாவே வருது" என்றாள். உங்கள் லேப்பில் அந்தச் சோதனையை ஆசிரியர் செய்து காட்ட வேண்டாம். கேமராவின் பொத்தானை மாணவர் கையில் கொடுத்துவிட்டு, சாவியோடு பக்கத்தில் நில்லுங்கள்.